நித்திரைக் குளிசை: நிறுத்துவது எப்படி என்று யார் சொல்வது?

திருகோணமலை மாவட்டத்தின் அண்மைக்கால வரலாற்றைத் திகதிகளாகவே சொல்லிவிடலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை. 2006 ஜனவரி 2இல் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் படுகொலை. அதே ஆண்டு ஏப்ரலில் மூதூர் கிழக்கின் மீது குண்டுவீச்சு, ஓகஸ்டில் மூதூரில் 17 தொண்டுப் பணியாளர்கள் படுகொலை, சம்பூர் மக்களின் நீண்ட இடப்பெயர்வு. 2009இல் வன்னியிலிருந்து கப்பலில் வந்த காயக்காரர்கள் முதலில் திருகோணமலையிலும் பின்னர் புல்மோட்டையிலும் இறக்கப்பட்டார்கள். இவற்றுக்குப் பிறகு நித்திரை தொலைந்த வீடுகளுக்குள் சத்தமில்லாமல் நுழைந்தது ஒரு சிறிய குளிசை. அதைப் பற்றி நாம் பேசுவது மிகக் குறைவு.

போர் முடிந்த சில மாதங்களில் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடத்தப்பட்டு, 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குப் பதகளிப்பின் அறிகுறிகள் இருந்ததாகக் கூறியது. அதே போரையும் அதற்கு மேலாக ஆழிப்பேரலையையும் கண்ட திருகோணமலையில் நிலைமை இலகுவாக இருந்திருக்கும் என்று நினைக்க இடமில்லை.

டயசிபாம், குளோனசிபாம், அல்பிரசோலம், லோரசிபாம் ஆகிய நான்கும் பென்சோடயசிபைன் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மூளையின் வேகத்தைத் தணித்து, படபடப்பை ஒரு மணித்தியாலத்துக்குள் அடக்கக் கூடியவை. சரியான இடத்தில் இவை நல்ல மருந்துகள். வலிப்பை நிறுத்தவும் பயன்படுகின்றன. ஆனால் பதகளிப்புக்கு இவற்றைப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் நீடிக்கக்கூடாது என்பதே மருத்துவ வழிகாட்டல். உலக சுகாதார நிறுவனம் 2013இல் ஒரு படி மேலே சென்றது. கொடுமையான சம்பவம் நடந்த முதல் மாதத்தில் நெருக்கீட்டு அறிகுறிகளுக்கோ, உறவை இழந்தவரின் துயரத்துக்கோ இவற்றைக் கொடுக்க வேண்டாம் என்றது. போரில் அடிபட்ட சமூகத்துக்கு இதைவிட நேரடியாகப் பொருந்தும் அறிவுரை இல்லை.

நாள்தோறும் எடுக்கும்போது உடல் குளிசைக்குப் பழகிவிடுகிறது. முன்பு ஒன்றில் வந்த நித்திரைக்குப் பிறகு இரண்டு தேவைப்படுகிறது. திடீரென நிறுத்தினால் நித்திரையின்மை, நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, கெட்ட கனவுகள் வருகின்றன. சிலருக்கு உயிராபத்தான வலிப்பும் வரலாம். போரைக் கண்டவரிடம் இது இன்னொரு குழப்பத்தையும் உண்டாக்குகிறது. குளிசையை நிறுத்தியதால் வந்த நடுக்கத்தை அவர், பழைய பயம் திரும்பிவிட்டதென்று எடுத்துக்கொள்கிறார். உடனே குளிசைக்குத் திரும்புகிறார். சில வாரத் துணையாக வந்த மருந்து பத்தாண்டுப் பழக்கமாவது இவ்வாறுதான்.

2022இன் பொருளாதார நெருக்கடி இந்த ஆபத்தின் மறுபக்கத்தைக் காட்டியது. அரச வைத்தியசாலைகளில் மருந்துகள் தீர்ந்துபோயின. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்தில்லாத செய்தி பேசப்பட்டது. ஆனால் நித்திரைக் குளிசை ஒரே நாளில் நின்றுபோனவருக்கு என்ன நடக்கும் என்பது பெரிதாகப் பேசப்படவில்லை. பஸ் கட்டணமில்லாமல் ஒரு கிளினிக் தவறினாலும் விளைவு அதுதான். மூதூர், வெருகல், குச்சவெளிப் பக்கத்தவர்களுக்கு நகரத்துக்குப் போய்வருவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும்.

ஆகவே இக்குளிசையை நீண்டகாலமாக எடுப்பவர்கள் இதை வாசித்துவிட்டு இன்றே நிறுத்திவிடக் கூடாது. கிளினிக் கொப்பியுடன் வைத்தியரிடம் சென்று, 'இது எத்தனை காலத்துக்கு? குறைக்கலாமா?' என்று கேட்க வேண்டும். குறைப்பது சிறிது சிறிதாக, வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நடக்கும். கையிருப்பு முடிவதற்கு ஒரு கிழமைக்கு முன்னரே அடுத்ததை உறுதிசெய்ய வேண்டும்.

சாராயம், கள்ளு, கசிப்பு எதனுடனும் இதை எடுக்கக்கூடாது. ட்ரமடோல் போன்ற வலி மாத்திரைகளுடனும் பிரிகபாலினுடனும் சேர்ந்தால் நித்திரையிலேயே மூச்சு மந்தமாகலாம். அவற்றை எடுப்பவர் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தடிமனுக்கு எடுக்கும் சில குளிசைகள்கூட மயக்கத்தைக் கூட்டும். இரவில் குளிசை எடுத்தவர் விடியற்காலையில் வள்ளத்தில் ஏறும்போதும் மோட்டார் சைக்கிளை எடுக்கும்போதும் மயக்கம் முழுதாகத் தெளிந்திருக்காது. முதியவர்கள் இரவில் எழுந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதற்கும் இது ஒரு காரணம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அயலவருக்கு 'எனக்கு நல்லா வேலை செய்தது' என்று ஒன்றைக் கொடுப்பது உதவி அல்ல. எழுப்ப முடியாத மயக்கம், மந்தமான மூச்சு, வலிப்பு ஆகியவற்றுக்கு 1990 அம்புலன்ஸ் சேவையை உடனே அழைக்க வேண்டும். மன நெருக்கடியில் பேச 1926 இலக்கம் உண்டு.

இவ்வளவையும் நோயாளியின் தலையில் மட்டும் சுமத்துவது நீதியல்ல. நெருக்கமான கிளினிக்கில் பழைய துண்டை அப்படியே திரும்ப எழுதுவது சில நொடி வேலை. குறைப்பதற்கோ நேரமும், நோயாளியின் மொழியில் ஒரு உரையாடலும் வேண்டும். பதகளிப்புக்கு நீண்டகாலத்துக்குப் பொருந்தும் சேர்ட்ரலின் போன்ற மருந்துகள் பலன்தர வாரங்கள் எடுக்கும். அதுவரை பொறுத்திருக்க யாராவது விளக்கிச் சொல்ல வேண்டும். தமிழ் பேசும் உளவளத்துணையாளர்கள் நகரத்தில் மட்டுமன்றிப் பிரதேச வைத்தியசாலைகளிலும் இருந்தால்தான் இது நடக்கும்.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்குப் பதில் கேட்கும் தாயின் நித்திரையின்மை முழுவதும் நோயாகிவிடாது. அந்தக் கேள்விக்கான பதிலை அரசு தர வேண்டும், குளிசை தராது. ஆனால் பதில் வரும்வரை அந்தத் தாய் பாதுகாப்பாக உறங்கி எழும்ப வேண்டும். அதை உறுதிசெய்வது சுகாதாரத் துறையின் கடமை.