மின்வழங்கியில் மிச்சம் பிடிக்காதீர்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பர் பெரியோர். மேசைக் கணினிக்கு அந்த அச்சாணி மின்வழங்கி. கடையில் ‘பவர் சப்ளை’ என்றால் எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால், நம்மில் எத்தனை பேர் அதைக் கேட்டு வாங்குகிறோம்?

நான் கேட்கவில்லை. புக்கிட் மெர்தாஜாமில் என் முதல் கணினியை வாங்கியபோது, அம்மா கூட்டு எடுத்துக் கொடுத்த பணம் முழுவதையும் செயலிக்கும் வரைகலை அட்டைக்கும் கொட்டினேன். பெட்டியோடு இனாமாக வந்த மின்வழங்கியின்மேல் ‘600 வாட்’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தது. இது போதாதா என்று இருந்துவிட்டேன். இறுதியாண்டு ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதிக்கொண்டிருந்த ஓர் இரவில் ‘டப்’ என்று ஒரு சத்தம். பின் கருகிய வாடை. தாய்ப்பலகையும் வன்தட்டும் அதனோடு போயின. வேறெங்கும் படி எடுத்து வைக்கவில்லை. “காசு போனா சம்பாதிச்சிக்கலாம் ஐயா, நீ எழுதினது திரும்பி வருமா?” என்றார் அம்மா. என்னிடம் பதில் இல்லை.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறு மின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர் மின்னோட்டமாக மாற்றித் தருவதே மின்வழங்கியின் வேலை. நல்ல மின்வழங்கி, மின்னழுத்தம் எல்லை மீறினாலோ குறுக்குச் சுற்று ஏற்பட்டாலோ தானே நின்றுவிடும். மலிவானவற்றில் முதலில் கைவைப்பது இந்தப் பாதுகாப்பில்தான். மற்ற உறுப்புகள் பழுதானால் அதோடு போகும். இதுவோ மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகக்கூடும்.

ஆகவே, பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். பக்கவாட்டுச் சீட்டில் 12 வோல்ட் வரிசையைப் படியுங்கள். செயலியும் வரைகலை அட்டையும் பெரும்பாலும் அதைத்தான் நம்பியிருக்கின்றன. என்னுடையதில் 18 ஆம்பியர் என்றிருந்தது. 12-ஆல் பெருக்கினால் 216 வாட்தான்! 600 எங்கே, 216 எங்கே?

2004-இல் தொடங்கிய ‘80 பிளஸ்’ முத்திரையும் உதவும். அடிப்படைத் தரம் பெற்றதில் 400 வாட் கிடைக்க, சுவரிலிருந்து ஏறக்குறைய 500 வாட்டுக்கு மேல் இழுக்காது. மிச்சம் வெப்பமாகப் போகும். ஆனால், அம்முத்திரை சிக்கனத்துக்குச் சான்றே தவிர பாதுகாப்புக்கு அன்று. உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்றும் கேளுங்கள்.

அதற்காக 1000 வாட் வாங்க ஓடவும் வேண்டாம். தனி வரைகலை அட்டை இல்லாத கணினிக்குத் தரமான 400 வாட்டே தாராளம். அட்டை உண்டென்றால், அதன் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் அளவிலிருந்து தொடங்குங்கள். பெரிய மின்வழங்கி மின் கட்டணத்தை ஏற்றிவிடும் என்பதும் வீண் பயம். கணினி கேட்பதற்கேற்பத்தான் அது மின்சாரம் இழுக்கும். வீணாவது உங்கள் வெள்ளிதான்.

இன்டெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பினாங்கில் திறந்தது 1972-இல். அன்று முதல் பாயான் லெப்பாசுக்கும் பிறைக்கும் தொழிற்சாலைப் பேருந்தேறிப் போனவர்களில் நம் தாய் தந்தையரும் உண்டு. உலகத்துக்கே மின்னணுப் பொருள்களைத் தரம் பார்த்து அனுப்பிய கைகள் அவை. அவர்கள் பிள்ளைகளாகிய நாம் ஒரு சீட்டைக்கூடப் படிக்காமல் காசை நீட்டலாமா?

தம்பி தங்கையருக்குக் கணினி வாங்கத் துணைபோகும் முன்னாள் மாணவர்களே, விளக்கு மின்னும் பெட்டியைக் காட்டுமுன் மின்வழங்கியைக் காட்டுங்கள். கல்விக் கடனில் வாங்கும் பொருள் கடன் அடையும்வரையாவது உழைக்கட்டும்!