டாங்ரா ஓர் உணவகத்தின் பெயரன்று

கொல்கத்தா சென்று திரும்பும் நம் எழுத்தாளர்கள் அங்குள்ள சைனா டவுனைப் பற்றித் தவறாமல் ஒரு கட்டுரை எழுதிவிடுகிறார்கள். மிளகாய்க் கோழி, நூடுல்ஸ், காகித விளக்குகள், அருகிவரும் சீன முகங்களுக்காக ஒரு பெருமூச்சு. அம்முகங்கள் ஏன் அருகின என்ற கேள்வி மட்டும் அக்கட்டுரைகளில் எழுவதேயில்லை.

வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் ஹூக்ளிக் கரையில் நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை அமைத்த அச்சூ என்பவரிடமிருந்து தொடங்கும் வரலாறு அது. பிறகு டிரெட்டா பஜாரில் கான்டன் தச்சர்கள் குடியேறினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹக்கா சீனர்கள் டாங்ராவின் சதுப்பு நிலத்தில் தோல் பதனிடலாயினர். சாதி இந்துக்கள் தீட்டென்று ஒதுக்கிய தொழிலே அவர்களுக்கு வாழ்வளித்தது. திண்டுக்கல்காரர்களாகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் ஊர்த் தோல் தொழிலாளரை எழுதிய டி. செல்வராஜின் 'தோல்' நாவலுக்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோது நாம் மகிழ்ந்தோம்.

1962 போரையடுத்து, ஏறத்தாழ 3,000 இந்தியச் சீனர்கள் இராஜஸ்தானின் தேவ்லி முகாமில் விசாரணையின்றி அடைக்கப்பட்டனர். பெரும்பாலோர் அஸ்ஸாமையும் வடவங்கத்தையும் சேர்ந்தவர்கள். அவர்களில் குழந்தைகளும் இருந்தனர். சிலர் ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்தனர். முகாமுக்குப் போகாத கொல்கத்தாச் சீனர்களும் கண்காணிப்பில் வாழ்ந்தனர். பலர் கனடாவுக்குப் புறப்பட்டது அதன் பின்னரே.

1996இல் உச்ச நீதிமன்றம் கொல்கத்தாத் தோல் ஆலைகளை நகருக்கு வெளியே மாற்ற ஆணையிட்டது. அதை நாம் குறைகூற மாட்டோம். அதே ஆண்டு நம் மாவட்டத் தோல் ஆலைகளுக்கும் தீர்ப்பு வந்தது. கெட்டுப்போன கிணறுகளைக் கண்டவர்கள் நாம். டாங்ராவின் ஆலைகள் பலவும் உணவகங்களாயின. நம் எழுத்தாளர்கள் உண்டு மகிழ்ந்தது அங்கேதான்.

போர்க்காலத்தில் அரசு எச்சரிக்கையாக இருக்க வேண்டாமா எனச் சிலர் கேட்பர். பாலூட்டும் தாயும் பள்ளிச் சிறுவனும் ஒற்றர்களா என்று நாம் திருப்பிக் கேட்கிறோம். 1948இல் இலங்கை மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டதையும், 1964 ஒப்பந்தம் அவர்களைக் கூறுபோட்டதையும் மேடைதோறும் பேசுகிறோம். அப்படி வந்தவர்கள் நம் கொடைக்கானல் மலையிலும் வாழ்கிறார்கள். பிறந்த மண்ணில் அந்நியராக்கப்படுவது தமிழருக்கு நேர்ந்தால் அநீதி, சீனருக்கு நேர்ந்தால் பாதுகாப்பு நடவடிக்கையா?

தேவ்லிக்காக இந்திய அரசு இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அரசு கேட்கும்போது கேட்கட்டும். டாங்ராவின் சுவையை அடுத்து எழுதப்போகும் நண்பர் ஒரு பத்தியேனும் தேவ்லிக்கு ஒதுக்கட்டும்.