சுழற்சி தானே சுழலுமா?

நீர்ச் சுழற்சி என்றதும் மாணவர் மனத்தில் தோன்றுவது ஒரு படம். கடல், கதிரவன், மேலெழும் அம்புக்குறி, முகில், மலை, மழை, ஆறு, மீண்டும் கடல். கரிமச் சுழற்சிக்கும் நைட்ரஜன் சுழற்சிக்கும் இத்தகைய படங்களே உள்ளன. அம்புக்குறிகளின் பெயர்களைப் பிழையின்றி எழுதும் மாணவன் முழு மதிப்பெண் பெறுகிறான். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஆயினும் அது வளர்த்துவிட்ட மனனப் பழக்கம் நீங்கியபாடில்லை.

அப்படம் பொய்யன்று. ஆனால் அது சொல்லாமல் விடுவது மிகப் பெரிது. வட்டமாக வரையப்பட்ட ஒன்றைக் காணும் பிள்ளை, அது என்றென்றும் தானே சுழன்றுகொண்டிருக்கும் என்று நம்பிவிடுகிறது. எடுத்ததெல்லாம் திரும்பி வரும், எல்லாவற்றையும் இயற்கை பார்த்துக்கொள்ளும் என்னும் எண்ணம் அப்பருவத்திலேயே வேரூன்றுகிறது. நாளை அப்பிள்ளை மலைச்சரிவை வெட்ட ஒப்புதல் வழங்கும் அதிகாரியாகலாம். ஆற்றோரத்தில் ஆலை நடத்தும் முதலாளியாகலாம். அன்றும் அதே எண்ணந்தான் அதனை வழிநடத்தும். ஆகவே இதனைப் பாடநூலில் உள்ள சிறு குறை என்று ஒதுக்கிவிட இயலாது.

சுழற்சியைத் தாங்கி நிற்பது எது? இவ்வினாவை வகுப்பறையில் எழுப்புவோர் சிலரே. விடையோ மலேசியக் காடுகளில் கண்கூடாக உள்ளது. தீபகற்ப மலேசியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அம்மழை பல்லாயிரம் ஆண்டுகளாக மண்ணிலுள்ள சத்துகளைக் கரைத்துச் சென்றிருக்கிறது. எனவே காட்டு மண்ணின் பெரும்பகுதி வளங்குன்றியது. வளங்குன்றிய மண்ணில் வானளாவிய மரங்கள் நிற்பது எவ்வாறு? அக்காட்டின் களஞ்சியம் மண்ணின் ஆழத்தில் இல்லை. உயிருள்ள மரங்களிலும் மேற்பரப்பில் கிடக்கும் சருகுகளிலும் உள்ளது. விழுந்த இலை வெப்பத்திலும் ஈரத்திலும் விரைவில் மக்குகிறது. மக்கும்போதே பூஞ்சை இழைகளும் மேல்மட்ட வேர்களும் அச்சத்தைப் பற்றிக்கொள்கின்றன. மழை அடித்துச் செல்லுமுன் மரம் அதனைத் திரும்பப் பெற்றுவிடுகிறது. அந்த வேரையும் பூஞ்சையையும் சருகையும் அகற்றிவிட்டால் அம்புக்குறி மரத்தை நோக்கித் திரும்பாது. ஆற்றை நோக்கி ஓடும்.

இது வெறும் கற்பனையன்று. அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்திலுள்ள ஹப்பர்ட் புரூக் காட்டில் போர்மன், லைகன்ஸ் முதலிய அறிஞர்கள் 1965ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சோதனையைத் தொடங்கினர். ஓர் ஓடைக்கு நீர் தரும் நிலப்பகுதியில் இருந்த மரங்கள் அனைத்தையும் வெட்டிச் சாய்த்தனர். ஒரு மரத்தையும் வெளியே கொண்டு செல்லவில்லை. மீண்டும் எதுவும் முளைக்காதவாறு களைக்கொல்லி தெளித்தனர். முதல் ஆண்டில் ஓடையில் வழிந்த நீர் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடியது. ஓடைநீரில் நைட்ரேட்டின் செறிவு, வெட்டப்படாத காட்டின் ஓடையைவிட 40 மடங்குக்கு மேல் உயர்ந்தது. அடுத்த ஆண்டில் 50 மடங்கையும் தாண்டியது. மரம் அங்கேயே கிடந்தது, சத்துமட்டும் வெளியேறிவிட்டது! அங்குப் பெய்யும் மழையினும் மிகுதியாக மழை பெய்யும் இந்நாட்டில் காட்டை மொட்டையடித்தால் நேர்வது என்ன என்பதை விளக்கவும் வேண்டுமோ?

மலாயாவின் தோட்ட வரலாறும் இப்பாடத்தை ஒருமுறை கற்பித்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர்த் தோட்டங்களில் ஒரு புல்லும் தலைகாட்டக் கூடாது என்பதே விதி. தமிழ்த் தொழிலாளர்கள் மண்வெட்டியும் கையுமாகக் குனிந்து நிலத்தைச் சுரண்டித் துப்புரவாக வைத்திருந்தனர். பார்வைக்கு அது அழகாயிருந்தது. ஆனால் மழை பெய்யும்தோறும் மேல்மண் சரிவிலிருந்து ஆற்றுக்குச் சென்றது. மண் போனபின்தான் தோட்டத்துறை விழித்துக்கொண்டது. புல்லைச் செதுக்கிய அதே நிலத்தில் பியூராரியா, கலபகோனியம், சென்ட்ரோசிமா முதலிய அவரைக்குடும்பக் கொடிகள் மூடுபயிராக விதைக்கப்பட்டன. அவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்த்தன. கொடிகள் மழையின் அடியைத் தாங்கின. அறுத்ததும் மனிதக் கைகள். மீண்டும் இணைத்ததும் மனிதக் கைகளே. இச்செய்தி நைட்ரஜன் சுழற்சிப் படத்தில் எங்கேனும் உண்டா?

செம்பனையும் பச்சை மரந்தானே, காட்டுக்கும் தோட்டத்துக்கும் என்ன வேறுபாடு என்று வாதிடுவோர் உளர். காட்டில் பழுத்த கனி பெரும்பாலும் காட்டுக்குள்ளேயே மக்குகிறது. தோட்டத்தில் பழுத்த குலை லாரியில் ஏறிச் செல்கிறது. ஒவ்வொரு குலையோடும் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியன வெளியேறுகின்றன. அந்த லாரியும் ஓர் அம்புக்குறியே. பாடநூல் அதனை வரையாமல் விட்டுவிட்டது.

எடுத்ததை ஈடுசெய்ய உர மூட்டை இருக்கிறதே என்பர். உரம் வேண்டாம் என்று எவரும் கூறவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கவேண்டும் என்பதே வாதம். காற்றில் நைட்ரஜன் 78 விழுக்காடு உள்ளது. ஆயினும் அதனை அம்மோனியாவாக மாற்றும் முறையைப் பிரிட்ஸ் ஹேபர் 1909இல் செய்து காட்டி, கார்ல் பாஷ் 1913இல் ஆலை அளவுக்கு விரிவாக்கிய பின்னரே நைட்ரஜன் உரம் பெருகியது. இன்றும் அதற்குப் பெரும்பாலும் இயற்கை எரிவாயு எரிகிறது. பாஸ்பரஸின் நிலையோ இதனினும் கடினம். அதற்கு நைட்ரஜனைப்போல் காற்றில் இருப்பு இல்லை. பாறையிலிருந்து மண்ணுக்கும், மண்ணிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து கடலடிக்கும் செல்வது மீண்டும் பாறையாகி மேலெழுவதற்குப் பல கோடி ஆண்டுகள் ஆகும். மலேசியத் தோட்டங்களுக்குப் பாஸ்பரஸ் வழங்கியவற்றுள் கிறிஸ்துமஸ் தீவு முகாமையானது. 1958ஆம் ஆண்டுவரை சிங்கப்பூரின் நிருவாகத்தில் இருந்து, பின்னர் ஆஸ்திரேலியாவின் வசம் சென்ற தீவு அது. அத்தீவின் பாறை வெட்டப்பட்டுத் தோட்டங்களில் தூவப்பட்டது. ஓரிடத்தில் பள்ளம் தோண்டி மற்றோரிடத்தில் பச்சை காட்டுவதைச் சுழற்சி என்று அழைப்பது தகுமா?

நீரின் கதையும் இதுவே. கேமரன் மலையில் ரிங்லெட் அருகே சுல்தான் அபு பக்கார் அணை 1963இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு மேலுள்ள சரிவுகள் பயிர்த்தொழிலுக்காகத் திறக்கப்படத் திறக்கப்பட, மண் அணைக்குள் வந்து படிந்தது. நீர் நிற்கவேண்டிய இடத்தைச் சேறு பிடித்துக்கொண்டது. 2013 அக்டோபரில் பெருமழையின்போது அணைநீர் திறந்துவிடப்பட, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. 2021 டிசம்பரில் ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியது. மழை அளவுகடந்து பெய்தது உண்மை. ஆனால் மழையை உறிஞ்சும் மண் சிமெண்டால் மூடப்பட்ட நகரத்தில், அம்மழை செல்லும் வழி வேறு எது? மேட்டில் அறுத்த சுழற்சிக்குப் பள்ளத்தில் வாழ்வோர் விலை கொடுக்கின்றனர். அவர்களுள் தமிழர் குடும்பங்களும் உண்டு.

இவ்விடத்தில் சில தமிழாசிரியர்கள் வள்ளுவரை அழைத்து வருவர். கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தவர் அவர். நீர்ச் சுழற்சியை அன்றே அறிந்தவர் என்று பெருமை கொள்வர். பெருமை நியாயமானதே. ஆனால் அவ்வதிகாரத்தைக் கருத்தூன்றிப் படித்தவர்கள் ஒன்றைக் காணலாம். வள்ளுவர் அங்கு நிபந்தனையோடு பேசுகிறார். மழை பொய்க்குமானால், முகில் கடலிலிருந்து முகந்ததைத் திருப்பித் தராவிட்டால், கடலும் தன் தன்மையிற் குன்றும் என்பதே அவர் எச்சரிக்கை. சுழற்சி அறுபடலாம் என்னும் அச்சம் அவருக்கு இருந்தது. இன்றைய படத்திலோ அந்த 'ஆனால்' இல்லை. வள்ளுவரைப் புகழ்ந்துகொண்டே அவர் எச்சரிக்கையை விட்டுவிடுவது எத்தகைய கல்வி?

பாடத்திட்டம் இடந்தரவில்லை, நேரம் போதவில்லை, தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இது விளங்காது என்பன அடுத்த மறுப்புகள். இவற்றுக்கு விடை பள்ளி வளாகத்திலேயே கிடக்கிறது. பல பள்ளிகளில் காலையில் மாணவர்கள் உதிர்ந்த இலைகளைக் கூட்டிக் கறுப்பு நெகிழிப் பைகளில் அடைத்துக் குப்பை லாரிக்கு அனுப்புகின்றனர். பின்னர் வகுப்புக்குள் சென்று, இலைகள் மக்கி மண்ணுக்கு உரமாகின்றன என்று எழுதுகின்றனர். அதே பள்ளி பூந்தொட்டிகளுக்குக் கடையில் உரம் வாங்குகிறது! ஏட்டில் ஒரு சுழற்சி, முற்றத்தில் அதன் முறிவு. பிள்ளைகள் எதனைக் கற்பர்? கண்ணால் காண்பதையே கற்பர்.

மரத்தடியில் ஒரு மூலையில் அவ்விலைகளைக் குவித்து வைக்கப் பணம் தேவையில்லை. இரண்டு தட்டுகளில் மண்ணிட்டு, ஒன்றைச் சருகால் மூடி, மற்றொன்றை வெறுமையாக விட்டு, இரண்டையும் சாய்த்துவைத்து ஒரே அளவு நீர் ஊற்றட்டும். வழியும் நீரின் நிறத்தைப் பிள்ளைகளே ஒப்பிட்டு எழுதட்டும். அரைமணி நேரம் போதும். அதன்பின் அம்புக்குறிப் படத்தைக் கொடுத்து, லாரியையும் உர மூட்டையையும் சிமெண்டுக் காலுவாயையும் எங்கே வரைவது என்று கேட்கட்டும். பத்து வயதுப் பிள்ளைக்கும் அது விளங்கும்.

அறுந்த சுழற்சியை மீண்டும் இணைக்க இயலும் என்பதையும் உடன் கற்பிக்கவேண்டும்; அச்சுறுத்துவது மட்டும் கல்வியாகாது. செம்பனை ஆலைகளின் கழிவு ஆறுகளை நாறடித்த காலம் ஒன்று இருந்தது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1977இல் விதிகள் வகுக்கப்பட்டு, கழிவுநீரின் வரம்பு படிப்படியாகக் குறைக்கப்பட்ட பின்னர் நிலை திருந்தத் தொடங்கியது. பழம் உதிர்த்த வெற்றுக் குலைகளை மீண்டும் மரத்தடியில் பரப்பும் வழக்கம் பல தோட்டங்களில் வந்தது. மறுநடவின்போது பழைய மரங்களை எரிக்காமல் துண்டாக்கி மக்கவிடும் முறையும் வந்தது. இவை எவையும் தாமாக நிகழவில்லை. அறிந்தோர் கேட்டனர்; சட்டம் வந்தது; கைகள் உழைத்தன.

தோட்டங்களில் இம்மண்ணைச் செதுக்கியவர்களும் அதில் உரம் சுமந்தவர்களும் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் பலரின் பாட்டன் பாட்டியரே. அவர்கள் கட்டளைப்படி செய்தனர். ஏனென்று கேட்க அவர்களுக்கு இடமில்லை. பேரப்பிள்ளைகளுக்கு அந்த இடம் உண்டு. கேட்கும் திறனை அவர்களுக்குக் கொடுப்பது ஆசிரியர் கடன். நாளைக் காலை கூட்டப்படும் இலைகள் பைக்குள் போகின்றனவா, மரத்தடிக்குப் போகின்றனவா என்பதிலிருந்தே அக்கடன் தொடங்கட்டும்.