மடக்குக் கட்டில், மடங்காத மேசை

கேரவன் என்றதும் நம் ஊரில் எல்லாருக்கும் சினிமா ஷூட்டிங்தான் ஞாபகம் வரும். ஹீரோ உள்ளே ஏசியில் இருப்பார், மத்தவங்க வெளியே வெயிலில் குடை பிடிப்பார்கள். நான் சொல்லப்போவது அது இல்லை. காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போகிற குட்டி டிரெய்லர். அதற்குள்ளேயே தூங்கி, அதற்குள்ளேயே வேலை பார்க்கிறவர்களின் வீடியோக்கள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. கடந்த ஒரு மாதமாக அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் (காஸ்ட் அக்கவுண்டிங் அப்படியே இருக்கிறது, அது வேறு கதை). பெரும்பாலான வீடியோக்களில் ஒரு காட்சி தவறாமல் வருகிறது. சுவரோடு ஒட்டியிருக்கும் ஒரு பலகையைச் சங்கிலியோடு கீழே இறக்கி, "இதுதான் எங்க ஆபீஸ்" என்று சிரிப்பார்கள். மேலே ஒரு லேப்டாப், ஒரு காபி கப், ஒரு சின்ன செடி.

எனக்கு அந்தப் பலகை மேல் கொஞ்சம்கூட நம்பிக்கை இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என் பெரியப்பா மகன், அண்ணன், சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறார். மந்தாரக்குப்பத்தில் ஒரு அறை, வாடகை 4500 ரூபாய். ஆனால் கட்சிக்காரர்கள் பாதிப்பேர் பண்ருட்டிப் பக்கம் முந்திரி வியாபாரம், மீதிப்பேர் விருத்தாசலம், காட்டுமன்னார்கோவில். யாரும் பில்லை ஒழுங்காக அனுப்புவதில்லை. மாதக் கணக்குக்காரர்களுக்கு 11ஆம் தேதி ஒரு கெடு, 20ஆம் தேதி இன்னொரு கெடு. அந்தப் பத்து நாள் அண்ணன் பஸ்ஸிலும் பைக்கிலும் அலைந்து, மஞ்சப்பையில் பில் வாங்கிவந்து, ராத்திரி ஒரு மணி வரை உட்காருவார். இப்போது ஒரு கான்ட்ராக்டர் சைட் ஆபீஸாக வைத்திருந்த இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. உள்ளே எட்டடிக்கு ஆறடி. அதை வாங்கி, ஊர் ஊராகப் போய், அங்கேயே தங்கி வேலையை முடிப்பது அவர் திட்டம். அடுத்த வருடம் நான் பி.காம். முடித்ததும் அவரோடு சேர்வதாகப் பேச்சு. அதே மே மாதம் அப்பா ரிடையர் ஆகிறார், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஆக, அந்த 48 சதுர அடியில் எனக்கும் ஒரு நாற்காலி இருக்கிறது. நான் வாய் திறக்காமல் இருக்க முடியுமா?

அண்ணன் போட்ட பிளானில் கட்டில் நிரந்தரம், மேசை மடக்கு. நான் சொல்வது நேர் எதிர். மேசையை அசைக்கவே கூடாது, கட்டிலை மடக்கு.

காரணம் ரொம்ப எளிது. தூக்கம் ஒரே மாதிரி வேலை. பாயை விரித்தால் ஆரம்பம், சுருட்டினால் முடிந்தது. நம்மில் எத்தனை பேர் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டுப் பள்ளிக்கூடம் போனவர்கள்! கணக்கு வேலை அப்படி இல்லை, பாதியில்தான் நிற்கும். கொள்முதல் பில் ஒரு அடுக்கு, விற்பனை பில் ஒரு அடுக்கு, "இது என்னன்னே தெரியல" என்று மூன்றாவதாக ஒரு அடுக்கு. இந்த மூன்றாவதுதான் பெரியதாக இருக்கும் :-) சாப்பாட்டுக்காகவும் தூக்கத்துக்காகவும் மேசையை மடக்கினால் மூன்று அடுக்கும் ஒன்றாகிவிடும். மறுநாள் காலை முதல் ஒரு மணி நேரம் நேற்று எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே போகும்.

வீட்டிலேயே இதைப் பார்க்கிறேன். அம்மா பிளவுஸ் தைப்பவர். தையல் மிஷின் வராந்தாவில் இருக்கிறது. யாராவது வந்தால் துணியை எல்லாம் அள்ளி ஒரு பக்கெட்டில் போட்டு, மிஷின் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிடுவார். வந்தவர் போன பிறகு கையை எந்த உடம்போடு சேர்ப்பது என்று தேடிக்கொண்டிருப்பார். வீட்டில் சோபாவை யாரும் மடக்குவதில்லை, டிவியை நகர்த்துவதில்லை. சம்பாதிக்கிற மிஷினுக்குத்தான் துண்டு. இதே புத்திதான் டிரெய்லருக்குள்ளும் வருகிறது என்பது என் சந்தேகம்.

சக்கரத்தின் மேல் வேலையிடம் அமைப்பதற்கு வெளிநாட்டு வீடியோ எதற்கு? நம் டவுன்ஷிப்பில் மரத்தடி இஸ்திரி வண்டியைப் பாருங்கள். வண்டியின் முழு மேல்பரப்பும் மேசை. கம்பளி மடித்து, மேலே வெள்ளைத் துணி விரித்து, அது அப்படியே இருக்கும். துணி மூட்டை கீழ்த்தட்டில். கரி ஒரு மூலையில். பெட்டியை வைக்க ஒரு தனி இடம், கை பார்க்காமலேயே அங்கே போகும். நின்று தேய்ப்பதால் பலகை இடுப்பு உயரம். சக்கரத்துக்கு அடியில் செங்கல், அதனால் வண்டி ஆடாது. அதில் மடக்குகிற சாமான் ஒன்றுகூட இல்லை. வேலைப் பரப்பை முதலில் வைத்துவிட்டு, மீதி எல்லாவற்றையும் அதற்குக் கீழேயும் மேலேயும் திணித்திருக்கிறார்கள்.

இந்த வண்டியைத்தான் திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் எடுத்துக்கொண்டார். கரிக்குப் பதில் சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2020இல் ஸ்வீடனின் குழந்தைகள் காலநிலைப் பரிசை வாங்கினார். 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார். ஐந்து மணி நேர வெயிலில் ஆறு மணி நேரம் தேய்க்கலாம் என்பது அவர் கணக்கு. எனக்குப் பிடித்தது என்னவென்றால், தேய்க்கிறவர் நிற்கிற இடத்தையும் பலகையையும் விட்டுவிட்டு, கரியை மட்டும் மாற்றப் பார்த்திருக்கிறார்.

இன்னொரு வாத்தியார் பெட்டிக்கடைக்காரர். நான்கடி சதுரத்துக்குள் காலை மடக்கி உட்கார்ந்தவர் எழுந்திருக்காமலேயே ஷாம்பூ பாக்கெட், வாழைப்பழம், சில்லறை, ரீசார்ஜ் எல்லாம் தருவார். அடிக்கடி கேட்பது கைக்கெட்டும் தூரத்தில், எப்போதோ கேட்பது தலைக்கு மேல். டிரெய்லரிலும் ஸ்டேப்ளர், பஞ்ச், கால்குலேட்டர், பிரிண்டர் நான்கும் உட்கார்ந்தபடி கைக்கு வரவேண்டும். பழைய வருட ஃபைல் எழுந்துபோய் எடுத்தால் போதும்.

தமிழ்நாட்டில் நடமாடும் வீடு என்றால் அருண் பிரபு செய்த சோலோ 01ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. பரமத்தி வேலூர்க்காரர், கட்டிடக்கலை படித்தவர். லோடு ஆட்டோவின் மேல் ஆறடிக்கு ஆறடியில் ஒரு வீட்டையே ஏற்றிவிட்டார். செலவு சுமார் ஒரு லட்சம், நிறைய பழைய சாமான்கள். 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 600 வாட் சோலார், சமையல், குளியல், மொட்டைமாடி வரை உண்டு. 2021 பிப்ரவரியில் ஆனந்த் மஹிந்திரா ட்விட்டரில் பாராட்டியபின் இந்தியா முழுக்கப் பேசினார்கள். அசாத்தியமான வேலை, மறுக்கவில்லை. ஆனால் நான் படித்த செய்திகளில் எல்லாம் குளியல் தொட்டிக்கு ஒரு வரி, மொட்டைமாடிக்கு ஒரு வரி, வேலை செய்யும் இடத்துக்கு ஒரே ஒரு சொல். எல்லாருக்கும் எங்கே தூங்குவது, எங்கே குளிப்பது என்பதுதான் ஆச்சரியம்.

சரி, அளவுக்கு வருவோம். டேப் வைத்து அளந்தேன். முன்பக்கச் சுவரை ஒட்டி, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை ஆறடி நீள மேசை. ஆளுக்கு மூன்றடி. அகலம் 22 அங்குலம் போதும்: லேப்டாப், அதன் பக்கத்தில் ஒரு லாங் சைஸ் நோட்டு. மூன்று பக்கச் சுவரிலும் ஆங்கிள் அடித்து உட்காரவைத்தால் காலே தேவையில்லை, முட்டியும் இடிக்காது. 19 மி.மீ. பிளைவுட் என்றால் சுமார் 12 கிலோதான். உயரம் 29 அங்குலம், நாற்காலி 17. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழ 36 அங்குலம். ஆக 58 போயிற்று. எட்டடி என்பது 96 அங்குலம், மீதி 38. அங்கே 30 அங்குலக் கட்டிலை நிரந்தரமாகப் போட்டால் மிஞ்சுவது 8 அங்குலம். கதவு அங்கேதான் இருக்கிறது. பூனைதான் வரலாம். கட்டிலைப் பின்சுவரில் கீல் வைத்து மேலே தூக்கிவிட்டால் பகல் முழுக்க அந்த இடம் நடமாட. அண்ணன் உயரம் 5 அடி 8 அங்குலம், குறுக்கே படுத்தால் கால் நீட்டலாம்.

எடை விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். காகிதம் லேசானது என்று நினைக்கிறோம். 500 தாள் ஏ4 கட்டு ஒன்று 2.3 கிலோ, பத்து கட்டு 23 கிலோ. ஃபைலை எல்லாம் பின்னால் அடுக்கினால் டிரெய்லரின் வால் கனத்து, வேகத்தில் போகும்போது பாம்பு மாதிரி ஆட்டும். கனமானது எல்லாம் அச்சுக்கு நேர் மேலே, தரையோடு. கொக்கியின் மேல் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது அழுத்த வேண்டும். நிறுத்திய பிறகு நான்கு மூலையிலும் ஜாக்கி. இல்லையென்றால் நான் டைப் அடிக்க அண்ணன் கையெழுத்து கோணும்.

கரண்ட் கணக்கு எனக்குப் பிடித்த பகுதி. லேப்டாப் சராசரி 40 வாட், எட்டு மணி நேரம், 320. பிஎல்டிசி ஃபேன் 28 வாட், பத்து மணி நேரம், 280. மொத்தம் 600 வாட் அவர். 12 வோல்ட் 100 ஆம்பியர் பேட்டரியில் 1200 இருக்கிறது. ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்பதால் கையில் 600. ஒரு ஆளுக்குச் சரியாகப் போயிற்று, நான் வந்தால் துண்டு விழும். லேசர் பிரிண்டர் வேண்டவே வேண்டாம், அச்சடிக்கும்போது நூற்றுக்கணக்கில் வாட் இழுக்கும். இங்க் டேங்க் பதினைந்து வாட்டுக்குள் முடித்துவிடும். சோலார் 330 வாட் பேனல் ஒன்று நம் வெயிலில் நாளுக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் தரும், ஆனால் ஐப்பசி கார்த்திகை மழையில் அதை நம்ப முடியாது. நிலக்கரி வெட்டி மின்சாரம் எடுக்கிற ஊரில் உட்கார்ந்து இந்தக் கணக்குப் போடுவது ஒரு கூத்து.

பேனலுக்கு வெயில் வேண்டும், எங்களுக்கு நிழல் வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே கத்தரி வெயிலில் இரண்டு மனிதர்கள், இரண்டு லேப்டாப். பேனலைக் கூரையோடு ஒட்டாமல் நாலு அங்குலம் தூக்கி மாட்டினால் அதுவே கூரைக்குக் குடை, நடுவில் காற்று ஓடும். அதுவும் போதாது, மரம் வேண்டும். தானே புயல் 2011 டிசம்பர் 30இல் சாய்த்துவிட்டுப் போன மரங்களைப் பற்றி அப்பா இன்னும் பேசுகிறார். பேனலைக் கழற்றி வெயிலில் வைத்து, நீள வயர் இழுத்து, வண்டியை மரத்தடியில் நிறுத்துவதுதான் சரி என்பேன். பேனல் திருட்டுப் போகும் என்கிறார் அண்ணன். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

வருகிறவர்களை உள்ளே ஏற்றக்கூடாது என்பதில் இரண்டு பேரும் ஒத்துப்போனோம். இடது பக்கம் ஒரு ஜன்னல், வெளியே ஒரு தார்ப்பாய்ச் சாய்ப்பு, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. பையை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு டீ குடிக்கலாம். அம்மாவுக்கும் இந்த ஜன்னல்தான் நிம்மதி. மூடிய கேபினில் பெண்பிள்ளை ராத்திரி எட்டு மணிக்கு என்ன வேலை என்று ஊர் கேட்கும், திறந்த ஜன்னலில் தலை தெரிந்தால் கேட்காது. எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை, ஆனால் காற்று வரும் என்பதால் ஜன்னலுக்கு ஓட்டுப் போட்டேன். டாய்லெட்டுக்கு உள்ளே இடமில்லை. பெட்ரோல் பங்க் இருக்கிறதே என்று அண்ணன் சுலபமாகச் சொல்லிவிட்டார். ஆண்கள் எல்லாரும் அதைச் சுலபமாகத்தான் சொல்கிறார்கள். எந்தப் பங்கில் தாழ்ப்பாள் இருக்கிறது, தண்ணீர் வருகிறது என்று பார்த்துவைத்துத்தான் வண்டியை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்ய வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான், பதிவு வேண்டும். பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை இஷ்டத்துக்கு மாற்றுவதை 52ஆம் பிரிவு தடுக்கிறது. ஜன்னல் வெட்டும் முன் ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுவிடுவது நல்லது.

கடைசியாகக் காசு. டிரெய்லரும் உள்வேலையும் சேர்ந்து இரண்டு லட்சம். மிச்சமாகும் வாடகை வருடத்துக்கு 54,000. கிட்டத்தட்ட மூன்றே முக்கால் வருடம் கழித்துத்தான் போட்ட பணம் திரும்பும், தேய்மானத்தைச் சேர்க்காமலேயே. வாடகையை மிச்சம் பிடிக்க இதை வாங்கினால் நஷ்டம். பத்தாம் தேதியிலிருந்து இருபதாம் தேதி வரை பண்ருட்டிச் சந்தில் நின்று, இரண்டு பேர் நாளுக்குப் பத்து மணி நேரம் முதுகு வலிக்காமல் உட்கார்ந்து, இப்போது வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிற கட்சிக்காரர்களையும் சேர்த்துக்கொண்டால்தான் இது ஓடும். பத்து மணி நேரம் உட்காருவதற்குச் சங்கிலிப் பலகை ஆகாது.

அண்ணன் மேசைக்குச் சம்மதித்துவிட்டார். தூக்குக் கட்டிலின் கீல் நடுராத்திரி பிடுங்கிக்கொள்ளும் என்று பயப்படுகிறார். ஆசாரி கட்டிலுக்கு முன்பக்கம் இரண்டு மடக்குக் கால் வைத்துத் தருகிறேன் என்றிருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸ் வாசலில் எட்டுக்கு ஆறு சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டு நாற்காலி வைத்து, ஒரு நாள் முழுக்க அதற்குள்ளேயே உட்கார்ந்து பார்க்கப்போகிறோம். கிளாஸில் யாராவது அந்தப் பக்கம் வந்தால் மூன்றாவது அடுக்கைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள்.