பிறந்த வீடா? பாயின்ட் கணக்கா?

ஆர்பிஜி கேம் ஆரம்பிச்சதும் மூக்கு, முடி, தாடின்னு ஒரு மணி நேரம் போயிடும். அதெல்லாம் சும்மா. உண்மையில கேள்வி ரெண்டுதான்: என்ன இனம்? என்ன பின்புலம்? நம்ம மக்கள்ல பாதிப்பேர் எதுல பாயின்ட் அதிகம்னு தேடிப் பார்த்து, அதை எடுத்துட்டுக் கிளம்பிடறாங்க. என் கட்சி வேற. எதை எடுத்தா அந்த உலகம் உங்களை வேற மாதிரி நடத்தும்னு பாருங்க.

இதுக்கெல்லாம் மூலம் 1974ல கைகாக்ஸும் ஆர்னசனும் கொண்டுவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1981 பேசிக் பதிப்புல எல்ஃபாப் பிறந்தா அதுவேதான் தொழிலும்! 2000ல வந்த மூணாம் பதிப்பு யாரும் எந்தத் தொழிலும் செய்யலாம்னு கதவைத் திறந்துச்சு. ஆனா பாதி ஓர்க்னா வலிமை +2, புத்தி -2, கவர்ச்சி -2. பிறக்கும்போதே நெத்தியில 'மக்கு'ன்னு முத்திரை. பிறப்பை வெச்சு ஆளை எடை போடறது எப்படி இருக்கும்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் :-(

2024 புத்தகத்துல இந்தப் பாயின்ட்டை இனத்துலேர்ந்து எடுத்து பின்புலத்துக்கு மாத்திட்டாங்க. நல்ல விஷயம்தான். ஆனா விவசாயி பின்புலம் எடுத்தா வலிமை, உடல் உறுதி, விவேகம் இந்த மூணுலதான் பாயின்ட் போடலாம். மந்திரவாதிக்கு வேண்டிய புத்தி அதுல கிடையாது. அறிஞர் பின்புலத்துல இருக்கு. அதாவது, ஏர் பிடிச்சவன் மந்திரம் படிக்க வந்தா ஒரு படி பின்னாடி நின்னுதான் ஆரம்பிக்கணும். பிறப்புல இருந்த பூட்டைக் கழட்டி வளர்ந்த இடத்துல மாட்டியாச்சு. ஆட்டத்தை நடத்தறவர் மனசு வெச்சா பின்புலத்தை மாத்தி அமைச்சுக்கலாம். அது வேற விஷயம்.

சரி, எண்ணை விட்டுட்டா வேற என்ன இருக்கு? 2009ல வந்த டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸைப் பாருங்க. அதுல குள்ளர்களுக்கு ரெண்டு பின்புலம்: அரச குடும்பம், சாதியில்லாதவன். இனம் ஒண்ணுதான், பிறந்த வீடு வேற. ஓர்சமார்ங்கற அவங்க ஊர்ல சாதியில்லாதவனுக்கு முகத்துலயே அடையாளம் குத்தியிருப்பாங்க. இன்னொருத்தன் கவசத்தைப் போட்டுக்கிட்டு களத்துல இறங்கி ஜெயிச்சா, அந்த ஜெயிப்பே குற்றம். சிறைதான் பரிசு. அப்புறம் கிரே வார்டனா அதே ஊருக்குத் திரும்பி வந்து, அரியணை யாருக்குன்னு நீங்களே முடிவு பண்ணும்போது வரும் பாருங்க ஒரு உணர்ச்சி... எந்த +2வும் அதைத் தராது.

2002ல வந்த மாரோவிண்ட்லயும் இப்படித்தான். பூனை இனமான கஜீத்தையும், பல்லி இனமான ஆர்கோனியனையும் அங்கே அடிமையா வெச்சிருப்பாங்க. பூட்ஸ்கூடப் போட முடியாத அந்த இனத்துல விளையாடினா, தோட்டத்துல கட்டிப் போட்டிருக்கற ஆளைப் பார்த்ததும் சும்மா கடந்து போக மனசு வராது.

"கஷ்ட லெவல்ல செத்துப் போயிடுவோமே"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. டன்ஜன்ஸ்ல திறமைப் பாயின்ட் 2 கூடினா பகடையில கிடைக்கறது +1. இருபது பக்கப் பகடையில ஒரே ஒரு பக்கம், 5 சதவீதம். இதுக்காக அம்பது மணி நேரக் கதையை விக்கணுமா?

அடுத்த தடவை பாயின்ட் பட்டியலை மூடிட்டு, அந்த ஊர்ல யாருக்கு வாசல்லயே நிறுத்திப் பதில் சொல்றாங்களோ, அவனா பிறந்து பாருங்க. நீங்க கடைசியா யாரா பிறந்தீங்க? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க :-)