யாரைப் பார்த்துச் சிரிப்பது?

ஆலைத் தொழிலாளியின் மகனும் விவசாயக் கூலியின் மகளும் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். கைபேசியிலேயே குறும்படம் எடுக்கிறார்கள். பத்து நிமிஷப் படத்தில் ஒரு ஆள்கடத்தல், ஒரு அடிதடி, நடுவே வயிறு குலுங்கச் சிரிப்பு. "அடிதடியில் என்ன சிரிப்பு?" என்று முகம் சுளிப்போர் உண்டு. நாம் அவர்களோடு சேர மாட்டோம். நாம் கேட்பது ஒன்றே: யாரைப் பார்த்துச் சிரிப்பு?

2009-ல் கலைஞர் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டி தொடங்கியது. அதன் வழியே சினிமாவுக்கு வந்தவர் கார்த்திக் சுப்பராஜ். 2014-ல் அவர் எடுத்த 'ஜிகர்தண்டா'வில், மதுரையை நடுங்க வைக்கும் ரௌடி தன் கதையில் தானே நடிக்கிறான். படம் வெளிவந்ததும் ஊரே அவனைப் பார்த்துச் சிரிக்கிறது. ஜனங்களின் பயம் போனது. அவன் மிரட்டல் செல்லாக்காசானது!

1940-ல் சாப்ளின், 'தி கிரேட் டிக்டேட்டர்' படத்தில் ஹிட்லரை இப்படித்தான் கோமாளியாக்கினார். நமது தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜாவையே கேலி செய்வான். இது ஏழையின் சிரிப்பு.

இன்னொரு சிரிப்பும் உண்டு. டீக்கடைப் பையன் அறை வாங்குவான். மூட்டை தூக்குகிறவன் உதைபட்டு விழுவான். பார்ப்பவர் சிரிக்க வேண்டும். இது யாருடைய சிரிப்பு?

தஞ்சைச் சீமைக்கு இது தெரியும். பண்ணையாளுக்குச் சவுக்கடி கொடுத்தார்கள். சாணிப்பாலைக் குடிக்க வைத்தார்கள். சவுக்கு உடம்பை வதைத்தது. சாணிப்பால் எதற்கு? நாலு பேர் முன் மனிதனைக் கேலிப்பொருளாக்கத்தானே! 1940-களில் பி. சீனிவாசராவ் போன்ற தோழர்கள் சங்கம் கட்டி அந்தக் கொடுமையை எதிர்த்தார்கள். கூலி உயர்வு கேட்ட கீழவெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, 44 உயிர்கள் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டன. பெண்கள், குழந்தைகள், முதியோர்!

அடிபட்டவனைக் காட்டிச் சிரிக்க வைக்கும் படம், அறியாமல் எடுத்தாலும், மிராசுதாரின் திண்ணையில் போய் உட்கார்ந்து கொள்கிறது.

மாணவத் தம்பி தங்கைகளே! தாராளமாகச் சிரிக்க வையுங்கள். கேமராவைத் தூக்கும் முன் உங்கள் தாத்தா பாட்டியிடம் பழைய கதையைக் கேளுங்கள். சவுக்கைப் பிடித்த கையைக் கோமாளியாக்குங்கள். அந்தப் படத்தை நமது தெருவில் திரை கட்டிக் காட்டுங்கள். முதல் வரிசையில் நாம் உட்காருவோம்!