மனை விசாரிக்க வருபவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்

அன்புள்ள திருவண்ணாமலை ஊராருக்கு,

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். நம்மூர் மனை விளம்பரங்கள் இங்கே வாட்ஸ்அப்பில் ஓயாமல் வருகின்றன. 'கிரிவலப் பாதைக்கு நடந்தே போகலாம்', 'வாசலில் நின்றால் மலை தரிசனம்', 'உடனே வீடு கட்டலாம்.' எங்களைப் போல ஊரைவிட்டு வந்தவர்களும், ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து வரும் பக்தர்களும் இடத்தைப் பார்க்காமலேயே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள்.

பொய் சொல்லி விற்றால் சட்டம் கேட்கும். 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-ஆவது பிரிவுப்படி, புரமோட்டரின் பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம். வேண்டாமென்று விலகினால் பணத்தை வட்டியோடு பெறலாம். தனியார் ஒருவர் தம் வீட்டை விற்றாலும், வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை தமக்குத் தெரிந்திருந்தால் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடுவதை மோசடி என்றே சொல்கிறது 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு.

வாங்குபவருக்கும் பொறுப்பு உண்டு. வில்லங்கச் சான்றும் பட்டாவும் இணையத்திலேயே பார்க்கக் கிடைக்கும்போது, பாராமல் வாங்கிவிட்டு 'தெரியாது' என்றால் எடுபடாது. உரிய அனுமதி இல்லாமல் விற்ற கோயில் நிலத்துக்குப் பத்திரம் கையில் இருந்தும் பயனில்லை.

ஆனால் எந்த மனையில் ஓடைத் தண்ணீர் ஏறும், எந்தப் பாதை அடுத்தவர் நிலத்தில் போகிறது, எந்தச் சொத்தில் பங்காளித் தகராறு புகைகிறது என்பதெல்லாம் பத்திரத்தில் இல்லை. உங்களுக்குத்தான் தெரியும். 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் நம்மூர் மலையடியில் உள்ள வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் மாண்டார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அதற்குப் பிறகும் 'மலையடி மனை' என்று பெருமையாகச் சொல்லி விலையேற்றுவது நியாயமா?

சட்டத்தின் கை விற்பவர் வரைக்கும்தான் நீளும். டீக்கடையில் விசாரிப்பவரிடம் 'நல்ல இடம்தான்' என்று சொல்லி நகர்பவரை அது தொடாது. சொந்தக்காரர் பகை எதற்கு, நம் மனை விலையும் இறங்குமே என்கிற கணக்கு எனக்கும் புரிகிறது. அந்தக் கணக்கில் ஏமாறுகிறவர் வாழ்நாள் சம்பாத்தியத்தை இழக்கிறார்.

விசாரிக்க வருபவரிடம் தெரிந்ததைச் சொல்லுங்கள். விற்பவர்களே, பாதை, தண்ணீர், அப்ரூவல் என்று வாயால் சொல்வதையெல்லாம் அட்வான்ஸ் வாங்கும் முன் கிரய ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுங்கள். எழுத மறுக்கிற வாக்குக்கு இனி நாங்கள் பணம் அனுப்ப மாட்டோம்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்,
சிங்கப்பூர்